திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தில் பணி அழுத்தமும் மீள்திறனும்: மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர் வரலாறு (2000 – 2024)

ஆய்வுச் சுருக்கம்

பணியிட மனஅழுத்தத்தையும் அதிலிருந்து மீளும் திறனையும் தனிமனிதரின் உளப்பண்பாகக் கொண்டு அளவுகோல்களால் அளப்பது இன்றைய ஆய்வுகளில் பெருவழக்காக உள்ளது. திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தின் மின்னணு ஆலைகளில் பணிபுரிந்த, பணிபுரிகின்ற பெண்களின் கால் நூற்றாண்டு அனுபவத்தை வரலாற்று நோக்கில் காணும்போது அவ்வழக்கம் போதுமானதாக இல்லை. இப்பெண்களின் மீள்திறன் அவர்கள் தங்கிய அறை, பயணம் செய்த பேருந்து, பேசக் கிடைத்த நேரம் ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. அவை மாறியபோது அதுவும் மாறியது. 2000ஆம் ஆண்டின் இரவுப்பணித் தீர்ப்பு முதல் 2024ஆம் ஆண்டின் வல்லம் வடகால் விடுதி வரையிலான நிகழ்வுகளை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பணி அழுத்தம், மீள்திறன், பெண் தொழிலாளர், இரவுப்பணி, தொழிலாளர் விடுதி, திருப்பெரும்புதூர், ஒரகடம்.

முன்னுரை

பணியிட அழுத்தம் குறித்த ஆய்வுகளின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால் மருத்துவமனைச் செவிலியரிடம் வந்து சேரலாம். இசபெல் மென்சீஸ் இலண்டனின் பயிற்சி மருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆய்ந்து 1960இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. நோயும் இறப்பும் தரும் அச்சத்தைத் தாங்குவதற்காக மருத்துவமனை தன் பணிமுறையையே ஒரு காப்பரணாக அமைத்துக்கொண்டது என்பது அவர் கண்ட முடிவு. ஒரு நோயாளிக்குரிய பணிவிடை பல துண்டுகளாக்கப்பட்டுப் பலரிடம் பிரித்தளிக்கப்பட்டது. செவிலியர் ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றிற்கு அடிக்கடி மாற்றப்பட்டனர். நோயாளியிடம் பற்று ஏற்படாதிருக்கச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடே மனநிறைவின்மைக்குக் காரணமானது. பயிற்சிச் செவிலியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர்.

வெளியேறியவர்களின் மனவலிமையைக் குறைகூறாமல் பணி அமைக்கப்பட்ட முறையை ஆராய்ந்தது மென்சீசின் சிறப்பு. பின்வந்த ஆய்வுகள் பல இவ்வழியை விட்டு விலகின. மீள்திறனுக்கு மதிப்பெண் இடும் வினாநிரல்கள் பெருகின. பணியிடம் பின்னணிச் செய்தியாகச் சுருங்கியது. விதிவிலக்குகள் உண்டு. இராபர்ட் காரசெக் 1979இல் முன்வைத்த 'பணிச்சுமை – கட்டுப்பாடு' மாதிரி அவற்றுள் ஒன்று. மிகுதியான பணிச்சுமை மட்டும் ஒருவரை நோயாளியாக்குவதில்லை. சுமை மிகுந்து, அதனை எவ்வாறு, எவ்வேகத்தில் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை குறைந்திருக்கும் நிலையே தீங்கானது என்பது அதன் சாரம். மருத்துவமனையை விட, நகரும் உற்பத்தி வரிசைக்கு இக்கருத்து இன்னும் நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் அத்தகைய வரிசைகள் மிக அடர்ந்துள்ள பகுதி சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இத்தொழில்தடம்.

இரவு திறக்கப்பட்ட வரலாறு

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்தபோது இத்தடத்தின் தொழிலாளி பெரும்பாலும் ஆணாகவே இருந்தார். பெண்கள் பெருந்தொகையாக வந்தது மின்னணு ஆலைகளால். அதற்கு முன்பாக ஒரு சட்டத்தடை அகல வேண்டியிருந்தது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 66ஆம் பிரிவின்படி மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலைப்பணியில் அமர்த்தக் கூடாது என்றிருந்தது. மாநில அரசு இந்நேரத்தை மாற்றலாம் எனினும் இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடைப்பட்ட பொழுதைத் திறந்துவிட அதற்கும் அதிகாரமிருக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2000 திசம்பரில் வழங்கிய தீர்ப்பு இத்தடை அரசமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரணானது எனக் கூறி அதனை நீக்கியது. பெண்ணின் வேலை உரிமையை நிலைநாட்டிய தீர்ப்பு என்ற வகையில் அது முற்போக்கானது. அதே தீர்ப்பு போக்குவரத்து வசதி, பெண்களைத் தனியராக அல்லாமல் குழுவாகப் பணியமர்த்தல், பகல் சுழற்சியிலிருந்து இரவுச் சுழற்சிக்கு மாறும்போது 12 மணி நேர இடைவெளி போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. தடை நீங்கியது பரவலாக நினைவுகூரப்படும் அளவிற்கு அந்நிபந்தனைகள் நினைவுகூரப்படுவதில்லை. இரவுப்பணி உடலுக்கும் உள்ளத்திற்கும் சுமை என்பதை நீதிமன்றம் அறிந்தே இருந்தது என்பதற்கு அவை சான்று.

2005இல் தமிழ்நாடு அரசுக்கும் நோக்கியா நிறுவனத்திற்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2006 தொடக்கத்தில் திருப்பெரும்புதூர்ச் சிப்காட் வளாகத்தின் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் கைப்பேசி உற்பத்தி தொடங்கியது. பாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் முதலிய உதிரிபாக நிறுவனங்கள் அதே மண்டலத்தில் அமைந்தன. உச்ச நிலையில் நோக்கியாவில் மட்டும் சுமார் 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளம்பெண்கள். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தோர் பலர். அவர்களின் குடும்பத்தில் மாதச் சம்பளம் பெற்ற முதல் பெண்ணாக இருந்தோரும் பலர்.

வரிசையின் வேகம்

தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்வோர்க்கு உட்கார இருக்கை அமைக்க வேண்டும் என்றது. பணியிடையே ஓய்வுக்கான வாய்ப்பு நேரும்போது அவர்கள் அதனைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். 1948இல் எழுதப்பட்ட இவ்விதி, வேலையின் ஓட்டத்தில் இயல்பாகவே இடைவெளிகள் நேரும் என்று கருதிக்கொண்டது. நகரும் வரிசை அக்கருத்தை வீணாக்கியது. சில நொடிகளுக்கு ஒருமுறை அடுத்த கருவி கைக்கு வந்து சேரும் இடத்தில் வாய்ப்பு நேர்வதேயில்லை. இருக்கை இருந்தும் பயனில்லை. கழிப்பறைக்குச் செல்வதற்கும் மாற்றாள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். காரசெக் குறிப்பிட்ட கட்டுப்பாட்டிழப்பின் நேர்வடிவம் இதுவே.

வாரந்தோறும் மாறும் சுழற்சிப்பணி உறக்கத்தைக் கலைத்தது. நெடுந்தொலைவுப் பேருந்துப் பயணம் எஞ்சிய நேரத்தையும் குறைத்தது. எட்டு மணி நேரப் பணி, வாசலில் ஏறி வாசலில் இறங்கும் வரை கணக்கிட்டால், பலருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தை நெருங்கியது.

2010ஆம் ஆண்டு இத்தடத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு நோக்கியாவில் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. சூலையில் பாக்ஸ்கான் ஆலையில் வாயு நெடியால் மயக்கமுற்ற ஏறத்தாழ 250 தொழிலாளர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். செப்டம்பரில் சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கேட்டு அவ்வாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் சுமார் இரண்டு மாதங்கள் நீடித்தது, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அக்டோபர் இறுதியில் நோக்கியா ஆலையில் இளம்பெண் ஒருவர் இயந்திரத்தில் சிக்கிப் படுகாயமுற்று உயிரிழந்தார்.

அதே 2010இல் சீனாவின் செஞ்சென் நகர்ப் பாக்ஸ்கான் வளாகங்களில் இளந்தொழிலாளர் பத்துக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டது உலகச் செய்தியாயிற்று. நிறுவனம் ஊதியத்தை உயர்த்தியது. உளநல ஆலோசகரை அமர்த்தியது. விடுதிக் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒத்த பணிமுறை. ஓரிடத்தில் அழுத்தம் தனிமனிதரின் இறப்பாகவும் மற்றோரிடத்தில் கூட்டு வேலைநிறுத்தமாகவும் வெளிப்பட்டது. இவ்வேறுபாட்டைத் தமிழகத் தொழிலாளரின் பிறவி மனவுறுதியாக விளக்குவது எளிது, ஆனால் தவறு. செஞ்சென்னில் தொழிலாளர் பல மாகாணங்களிலிருந்து வந்து, ஊர்த்தொடர்பற்று, அறிமுகமில்லாதோருடன் நிறுவன விடுதிகளில் தங்கினர். திருப்பெரும்புதூர்த் தொழிலாளர் பலர் அன்று பணிமுடிந்ததும் வீடு திரும்பினர். அல்லது தாமே தேர்ந்த தோழியருடன் வாடகை அறைகளில் தங்கினர். தன்னிச்சையான தொழிற்சங்கம் அமைக்கும் சட்ட உரிமையும் இங்கிருந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்துவது எத்துணைக் கடினமாயினும் அதன் இருப்பே ஒரு வேறுபாடு.

வாடகை அறை என்னும் களம்

இவ்வறைகளின் அக வரலாற்றை அறியக் கிடைக்கும் மிகச் சிறந்த ஆவணம் மதுமிதா தத்தா 2021இல் வெளியிட்ட 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' என்னும் நூல். நோக்கியா ஆலையில் பணிபுரிந்து காஞ்சிபுரத்தில் ஓர் அறையில் ஒன்றாகத் தங்கியிருந்த பெண்களின் உரையாடல்களால் ஆனது அது. சம்பளம், உடை, காதல், சாதி, திருமணம், மேற்பார்வையாளர் என எல்லாம் அவ்வுரையாடல்களில் இடம்பெறுகின்றன. வினாநிரலுக்கு விடை கூறும் பெண்களிடம் காணக் கிடைக்காத ஒன்று அங்குள்ளது: வேலையின் துன்பமும் வேலை தந்த விடுதலையும் ஒரே பேச்சில், பல நேரம் ஒரே சிரிப்பில், கலந்து வருகின்றன.

இலாசரசும் போக்மனும் 1984இல் எழுதிய நூல் அழுத்தத்தை எதிர்கொள்ளும் வழிகளை இரண்டாகப் பகுத்தது. சிக்கலையே தீர்க்க முனைவது ஒன்று. சிக்கல் எழுப்பும் உணர்வை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. முதலாவதே மேலானது என்னும் தொனி பின்வந்த பயிற்சிக் கையேடுகளில் கேட்கும். காஞ்சிபுரத்து அறை இப்பகுப்பிற்குள் அடங்குவதில்லை. இரவுச் சுழற்சி முடித்து வந்தவளுக்குத் தோழி சோறு எடுத்து வைப்பதும், மேற்பார்வையாளரைப் போல நடித்துச் சிரிப்பதும் உணர்வை ஆற்றும் செயல்கள். அப்பேச்சின் ஊடே தன் வரிசைக்கு மட்டும் இலக்கு கூட்டப்படவில்லை, எல்லா வரிசைகளிலும் அவ்வாறே என்பது தெரியவரும். தன் குறை என்று எண்ணியிருந்தது பணிமுறையின் குறை என்று விளங்கும். ஆற்றிக்கொள்வது அறிந்துகொள்வதாக மாறும் இடம் அது. 2009 – 2010 காலப் போராட்டங்களைச் சங்கத் தலைமைகளைக் கொண்டு மட்டும் எழுதும் வரலாறு இவ்விடத்தைத் தவறவிடுகிறது.

அறை தந்த வலிமைக்கும் எல்லை உண்டு. நோக்கியாவின் கைப்பேசித் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்டிடம் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் வெளியேறினர்; 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அதனை நம்பியிருந்த பாக்ஸ்கான் ஆலையும் சில மாதங்களில் நின்றது. இருபதுகளின் நடுவில் இருந்த பெண்களுக்கு வேலையோடு அறையும் போயிற்று. வேலையின் அழுத்தத்தை அளக்கும் ஆய்வுகள், வேலை இழப்பின் அழுத்தத்தை வேறொரு துறைக்கு விட்டுவிடுகின்றன. இப்பெண்களின் வாழ்வில் அவை ஒரே தொடரின் இரு பகுதிகள்.

விடுதியும் வதந்தியும்: 2021 திசம்பர்

சுங்குவார்சத்திரத்தை அடுத்த பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் உற்பத்தி வளர்ந்தபோது தங்குமிடத்தின் இயல்பு மாறியிருந்தது. தொலை மாவட்டங்களிலிருந்து ஆள்சேர்ப்பு முகமைகள் வழியாக வந்த பெண்கள், ஒப்பந்ததாரர் நடத்திய விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். அறையையும் அறைத்தோழியையும் தேர்வது அவர்கள் கையில் இல்லை. உணவு, பேருந்து, வாயிற்காவல் யாவும் வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தன.

2021 திசம்பர் நடுவில் விடுதியொன்றில் உணவு நஞ்சானதால் 250க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் நிலை குறித்து உடன் தங்கியோர்க்குத் தெளிவான செய்தி கிட்டவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்ற பேச்சுப் பரவியது. திசம்பர் 17 இரவு பெண்கள் திரளாக வெளியேறிச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மறுநாளும் மறியல் தொடர்ந்தது. இறந்ததாகப் பேசப்பட்ட பெண்களை மாவட்ட ஆட்சியர் காணொலி அழைப்பில் காட்டி விளக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 17,000 பேர் பணிபுரிந்த ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தனக்குரிய தரத்தில் இல்லை என ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 சனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது.

வதந்தியை நம்பி வீதிக்கு வந்தனர் என்று இந்நிகழ்வைச் சுருக்குவது அன்று எளிதாயிற்று. மானிடவியலாளர் ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூல் இங்குத் துணைசெய்யும். மலேசியாவின் மின்னணு ஆலைகளில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்த இளம்பெண்கள் திடீரெனப் பேய் கண்டதாக அலறி வீழ்ந்ததையும், வரிசைகள் நின்றுபோனதையும் அவர் ஆராய்ந்தார். நிர்வாகம் அதனை மனநோய் என்றது, மந்திரவாதியை அழைத்தது. சொல்ல வேறு வழியற்ற எதிர்ப்பு அவ்வடிவில் வெளிப்பட்டது என்றார் ஓங். சுங்குவார்சத்திரத்தில் எழுந்த இறப்புச் செய்தியும் உண்மையன்று. ஆயினும் அது வெறும் மருட்சியும் அன்று. தம் தோழியர் உயிரோடிருக்கின்றனரா என்று கேட்டறிய முறையான வாயில் ஏதுமில்லாதோர், கேள்வியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தனர். கேட்டதற்கு ஆட்சியரே விடைகூற நேர்ந்தது. அழுத்தத்தை எதிர்கொள்ளும் உத்திகளுள் இதற்கு எவ்வளவு மதிப்பெண் இடுவது என்று அளவுகோல்கள் கூறுவதில்லை.

மலேசியப் பேயிலிருந்து ஒரு முக்கிய வேறுபாடும் உண்டு. பேய் ஒவ்வொருத்தியையும் தனித்தனியே பற்றியது. இங்கு அச்சம் பிறரைப் பற்றியது. அறிந்தவள், அடுத்த படுக்கைக்காரி, இல்லை என்ற அச்சம். விடுதி அமைப்பு காஞ்சிபுரத்து அறையின் தோழமையைக் குலைத்தும் முற்றாக அழிக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

வேகம் குறித்த வழக்குகள்

ஆண்கள் மிகுந்த வாகன ஆலைகளில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. 2021 மே மாதம் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் ஒரகடம் ரெனோ–நிசான் ஆலைத் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. வரிசையில் தொழிலாளரிடையே போதிய இடைவெளி இல்லை என்பது அதன் முறையீடு. ஆலை சில நாள்கள் நிறுத்தப்பட்டது. அரசு அதிகாரி நேரில் ஆய்வு செய்யுமாறு நீதிமன்றம் பணித்தது. உடல் இடைவெளி என்பது வரிசையின் வேகத்தைக் குறைக்காமல் கிட்டாது. தொற்றச்சம் வாயிலாகத் தொழிலாளர் உண்மையில் கேட்டது வேகத்தின்மீது ஒரு பிடி.

2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேரப் பணிக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பால் மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. வாரத்திற்கு மூன்று நாள் ஓய்வு கிட்டும் என்ற வாதம் கட்டாயமற்ற விருப்பத்தேர்வாக முன்வைக்கப்பட்டது. பயண நேரத்தையும் இரவுச் சுழற்சியையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அவ்வாதம் ஏற்கவில்லை. 2024இல் சாம்சங் ஆலையில் 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை சங்கப் பதிவு. 2025 சனவரியில் அது நிறைவேறியது.

பதிவாகாத நோய்

உலகத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் மனக்கோளாறுகளுக்கு இடம் தந்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் பணிச்சோர்வைத் தொழில்சார் நிகழ்வாக வகைப்படுத்தியது. இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈயம், கல்நார், கதிரியக்கம் போன்றவற்றால் வரும் நோய்கள் இருந்தன. பணி அழுத்தத்தால் வரும் மனநோய் எதுவும் இருக்கவில்லை. எனவே இத்தடத்தின் ஆலைகளில் அந்நோய் சட்டத்தின் கண்ணில் நிகழவேயில்லை.

நிகழ்ந்ததற்கான தடம் வேறிடத்தில் இருக்கக்கூடும். ஐந்நூறு பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் மருத்துவ, செவிலியர் பொறுப்பில் முதலுதவி அறை இருக்க வேண்டும் என்றது தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு. தலைவலி, மயக்கம், வயிற்றுவலி, மாதவிடாய் வலி என்று வரிசையை விட்டு எழுந்து வருவோர் முதலில் சந்திப்பது அச்செவிலியரை. மாத்திரை தந்து திருப்பி அனுப்புவதா, ஓய்வளிப்பதா என்பதை அவர் நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும். மென்சீசின் செவிலியரைப் போலவே அவரும் இருபுறமும் நெருக்கப்படுபவர். அவரைப் பற்றித் தனி ஆய்வே தேவை. எந்தச் சுழற்சியில், இலக்கு உயர்ந்த எந்த வாரத்தில் மயக்கங்கள் மிகுந்தன என்பதை அவருடைய பதிவேடு கூறும். அது ஆலையின் உடைமை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியார் ஆலைக்குப் பொருந்தாது; தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்திற்குப் பொருந்தும். நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு வழங்கும் அக்கழகத்திடம் திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதிகளுக்குரிய நோய்ப் பலன் கோரிக்கைகள் உள்ளன. தனியாள் அடையாளம் நீக்கிய நிலையில் அவற்றை மாதவாரியாகக் கேட்டுப் பெற முடிந்தால், வினாநிரலுக்கு முன்பே எழுதப்பட்ட ஒரு சான்று கைக்கு வரும்.

2024 ஆகத்து 17 அன்று வல்லம் வடகாலில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்க்கென 706.50 கோடி ரூபாயில் சிப்காட் எழுப்பிய விடுதி திறக்கப்பட்டது: 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள், அறைக்கு அறுவர். தரையில் படுத்த 2021இன் நிலையை நோக்க இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஒரே சுழற்சியினரை ஓரறையில் வைப்பதா, வேறுவேறு வரிசையினரைக் கலப்பதா, விரும்பிய தோழியருடன் தங்க விடுவதா, பணியை விட்டவள் எத்தனை நாளில் படுக்கையை விட வேண்டும் என்பவை கட்டட வரைபடத்தில் இடம்பெறாத முடிவுகள். காஞ்சிபுரத்து அறையில் அவற்றைப் பெண்களே எடுத்தனர்.